பச்சைப் பெட்டியின் சாவி

கல்யாணமாகி நான் பம்பாய் தாராவிக்கு வந்த அன்று எங்கள் ஒற்றை அறையில் ஐந்து டிரங்குப் பெட்டிகள் இருந்தன. ஒன்றுகூட எங்களுடையது இல்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் ஊருக்குப் போகும்போது பெட்டியைத் தெரிந்தவர் வீட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். "வந்து எடுத்துக்கிடுதேன்" என்பார்கள். திரும்பி வந்து வேறு எங்காவது குடியேறிவிடுவார்கள். பெட்டி மட்டும் எங்களோடு குடித்தனம் நடத்தும். என் கணவருக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. எனக்கு எதையுமே சொல்ல வராது. இடம் போதாமல் அவர் காலை மடக்கித்தான் படுப்பார்.

பகலில் தனியாக இருக்கும்போது பெட்டிகளை மெல்ல அசைத்துப் பார்ப்பேன். ஒன்றில் கிணுகிணுவென்று சத்தம் வரும். ஒன்றில் ஏதோ உருண்டோடும். மூலையில் இருந்த பச்சைப் பெட்டி மட்டும் கனத்தில் அசையவே அசையாது. கணவரோடு முன்பு அறையில் தங்கியிருந்த கூட்டாளி, அம்பர்நாத்துக்கு வேலை மாறிப் போனபோது விட்டுவிட்டுப் போனது அது. பூட்டு தொங்கும். அடுத்தவர் பூட்டு என்று நான் தொட்டதில்லை.

நான்காவது வருடம் மழைக்காலத்தில், தோல் கிடங்கில் கணவருக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்று ஆகிவிட்டது. அடுத்த சந்தில் தோல் பை செய்யும் பட்டறை பாய், பைகளுக்கு உள்துணி தைக்க காலால் மிதிக்கும் தையல் மெஷின் ஒன்றை வீட்டுக்கே தருவதாகச் சொன்னார். அது வந்தால் அரிசிக்குக் கவலையில்லை. இடம் பார்க்க வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மெஷினை எங்கம்மா வைப்பே? உன் தலையிலயா? சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். இடம் ஆகலேன்னா பின்சந்துக்காரிக்குக் கொடுத்துருவேன்."

அன்றே பெட்டிக்காரர்களுக்கெல்லாம் ஆள் சொல்லி அனுப்பினோம். முலுண்டிலிருந்து வந்தவர் அங்கேயே பெட்டியைத் திறந்தார். நான் எட்டிப் பார்த்தேன். இரண்டு குடை, ஒரு குழந்தைச் சட்டை.

"அட, வருசா வருசம் குடை வாங்குனேன்லா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "இந்தச் சட்டைக்காரன் இப்ப மூணாங்கிளாஸ் படிக்கான்."

மற்ற மூன்று பெட்டிகளும் அப்படித்தான் போயின. உள்ளே இருந்ததை மறந்துவிட்டு ஒவ்வொருவரும் அதையே இன்னொரு தடவை வாங்கியிருந்தார்கள். எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது.

பச்சைப் பெட்டிக்கு மட்டும் பதில் இல்லை. வெள்ளிக்கிழமை கணவருக்கு வேலை இருந்ததால் நானே கிளம்பினேன். சொல்ல வேண்டியதை ரயில் பயணம் முழுக்க உதட்டுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அம்பர்நாத்தில் கூட்டாளி ராத்திரி ஷிப்டு முடிந்து வீட்டில் இருந்தார். அவர் மனைவி தந்த காபியைக் குடித்து முடித்தேன். டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான், "உங்க பச்சைப் பெட்டி..." என்றேன்.

"எம் பெட்டியா? மயினி, அது அண்ணாச்சி பெட்டிலா!" என் கணவரைத்தான் சொன்னார்.

"அவுக பெட்டி துருப்பிடிச்சதுல்லா? அதை நீங்க தூக்கிப் போட்டுட்டதா அவுக நினைச்சு..."

"துருவைச் சுரண்டிப் பெயிண்டு அடிச்சதே நான்தான்! அண்ணாச்சி கலியாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தாவ. புதுப்பொண்ணு வார வீட்டுல துருப்பெட்டி கிடக்கக் கூடாதுன்னு அடிச்சு, புதுப்பூட்டும் போட்டு வச்சேன். அதுக்குள்ள இங்க வேலை கிடைச்சிட்டு, ஓடியாந்துட்டேன்."

அவர் மனைவி ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து வந்து என் கையில் வைத்தாள்.

"நல்ல கூட்டாளிய! ஒருத்தர் சொல்லல, ஒருத்தர் கேக்கல. இது எந்தப் பூட்டுக்குன்னு நாலு வருசமா நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

சாயங்காலம் கணவர் வந்ததும் திறந்தோம். இரண்டு போர்வை, பாத்திரங்கள், அடியில் ஒரு பித்தளை ஸ்டவ். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏளா, இது நம்ம ஸ்டவ்வுலா!"

"பெட்டியோட இது போயிட்டுன்னுதானே அதை வாங்குனோம்?" என்று அடுப்பங்கரைப் பக்கம் கையைக் காட்டினேன். அந்த ஸ்டவ்வுக்கு ஒரு வருடம் தவணை கட்டியிருந்தோம். ஒரு துருப்பெட்டிக்காகக் கூட்டாளியிடம் எப்படிக் கேட்பது என்று இவர் இருந்துவிட்டார். எங்கள் சாமானுக்கு நாங்களே காவல் இருந்திருக்கிறோம், காலையும் மடக்கிக்கொண்டு.

மறுநாள் காலையில் ஒரு ஸ்டவ்வை விற்று நூலும் ஊசியும் வாங்கினோம். மத்தியானம் மெஷின் வந்து இறங்கியது. ஸ்டூலுக்குப் பதில் பச்சைப் பெட்டியையே கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

தீபாவளிக்கு முன்னால், ஊருக்குக் கிளம்பிய ஒருவர் பெட்டியோடு வாசலில் வந்து நின்றார்.

"ஒரு மாசந்தான் மயினி."

என் கணவர் என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதும் மாட்டேன் என்று சொல்ல வரவில்லை. ஆனால் தெரிந்துகொள்ளும் ஆசையை அடக்க முடியவில்லை.

"உள்ள என்ன தம்பி இருக்கு?"

அவர் யோசித்தார். பிறகு பெட்டியை இறக்கி அங்கேயே திறந்தார். நான் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து போய்ப் பார்த்தேன். பெட்டியோடு பாதியைப் பழைய சாமான் கடையில் போட்டுவிட்டு, மீதியை ஒரு பையில் கட்டிக்கொண்டு அவர் ரயிலேறினார்.