பொருத்தம் கேட்டுச் சென்ற செல்வர்

ஆட்சி மாறிய சில கிழமைகளில் எங்கள் ஊர்ப் பெருஞ்செல்வர் ஒருவர் உம்றாவுக்குப் புறப்பட்டார். நெல் ஆலைகளும் ஒலுவில் துறைமுகத்தில் படகுகளும் உடையவர்; பதவியிழந்த அமைச்சர்களுக்கு நெருங்கியவர். புனிதப் பயணம் செல்வோர், அறிந்தும் அறியாமலும் தாம் இழைத்த பிழைகளைப் பொறுத்தருளுமாறு ஊராரை வேண்டிச் செல்வது எங்கள் வழக்கம். பொருத்தம் கேட்டல் என்போம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் அவர் ஒவ்வொருவரையும் தழுவினார். பள்ளிக்கூட ஆசிரியனான எனக்கு முன்னே நின்றவர் சவளக்கடையில் வயல் செய்யும் என் அயலவர்; மூத்தவர் என்பதால் பலருக்கும் அவர் 'காக்கா', அதாவது அண்ணன். சிறுபோக நெல் முழுவதையும் அந்த ஆலையில் இறக்கியிருந்தார். மகளுக்குச் சீதனமாகக் கட்டும் வீட்டுக்குக் கூரையிடும்போது விலையைப் பெறுவதாக ஏற்பாடு. கூரை ஏறினால்தான் நிக்காஹ்.

"காக்கா, எல்லாத்தையும் பொருந்திக்கங்க."

"இதென்ன கேள்வி ஹாஜியார்? பொருந்திட்டன். அங்க எங்கட புள்ளைக்கும் துஆக் கேளுங்க."

இருவர் கண்களும் கலங்கின.

உம்றா முடிந்தது, செல்வர் மீளவில்லை. விசாரணைக்கு அஞ்சித் துபாயிலேயே தங்கிவிட்டார். அவருடைய பணம் அவருக்கு முன்பே அங்குச் சென்றிருந்தது என்பதைப் பின்னரே அறிந்தோம். அயலவருக்குத் துணையாக நானும், ஆலையைப் பார்த்துக்கொண்ட செல்வரின் மைத்துனரிடம் சென்றேன்.

"நெல்லுக் காசா? மச்சான் போகக்குள்ள நீங்கதானே காக்கா பொருந்தின? சேரும் பக்கத்தில நிண்டாரே."

"கோவதாபத்தத்தான் தம்பி பொருந்தின. நெல்லயா பொருந்தின?"

"பள்ளி முத்தத்தில சொன்ன சொல்லத் திருப்பி எடுக்கப் போறீங்களா?"

பிறர் உரிமையைப் பறிப்பது குறித்து மார்க்கம் கூறுவதை நான் எடுத்துரைக்கத் தொடங்கினேன். அவர் கைபேசியிலிருந்து கண்ணை உயர்த்தவில்லை.

"சேர், பயானப் பள்ளியில வெச்சிக்கங்க."

திருடரைக் கண்டிருக்கிறேன். பறிகொடுக்கப் போகிறவனிடமே முன்கூட்டி மன்னிப்பைப் பெற்று, பெட்டியைக் கட்டிக்கொண்டு போனவரைக் கண்டதில்லை.

அயலவர் வயலில் ஒரு துண்டை விற்றுக் கூரையிட்டார். அவசர விற்பனை, அடிமாட்டு விலை. வாங்கியவர் அந்த மைத்துனரே. பணம் எங்கிருந்து வந்ததென்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.

நிக்காஹ் விருந்தில் அந்த மைத்துனரையும் என்னையும், பலர் கூடி உண்ணும் ஒரே சஹனில் அமர்த்தினார்கள். அவர் விரல்கள் நெய்யில் மினுங்கின. அவர் துழாவிய சோற்றில் கைவைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. எழ முற்பட்டபோது அயலவர் என் தோளை அழுத்தினார்.

"சாப்பிடுங்க சேர். எங்கட புள்ளட வீட்டில முதல் சோறு."

உண்டேன்.