கட்டம் போட்ட சுவர்

கச்சிராயபாளையத்துக்குக் கிழக்கே, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே இருந்த அந்தச் சின்ன ஊரில் அரங்கநாதனைச் 'சாவுப்படக்காரர்' என்று சொன்னால்தான் தெரியும். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பதினாறாம் நாள் காரியத்துக்குள் செத்தவரின் படம் சுவரில் ஏறியாக வேண்டும். வீட்டில் கிடக்கும் துக்கடா போட்டோவை வாங்கி அதன்மேல் பென்சிலால் கட்டம் போடுவார். பெரிய அட்டையிலும் அதேபோல் கட்டங்கள். கட்டம் கட்டமாகப் பார்த்துக் கறுப்பு மையில் ஏற்றிக்கொண்டே போனால் கடைசியில் ஆள் வந்து நிற்பார். ஒன்று மட்டும் கூடாது. மாலை போட்டுக் கும்பிடும் படத்தில் பல் தெரியக்கூடாது என்பது ஊர் வழக்கம். உயிரோடு இருந்தபோது ஊரையே சிரிக்கவைத்த ஆள்கூட அவர் கையில் தாசில்தார் மாதிரி முறைத்துக்கொண்டிருப்பார்.

கல்யாணம் ஆகவில்லை. சம்பந்தம் பேச வந்தவர்கள், கூடத்தில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்த செத்தவர்களைப் பார்த்துவிட்டு, காபியைக்கூட முழுதாகக் குடிக்காமல் எழுந்து போனார்கள். இன்னொரு தடவையும் அப்படியே ஆனதும் அவர் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். சாயங்காலமானால் யாரோடு பேசுவது என்று தெரியாமல் வாய்க்கால் கரையில் நடந்துவிட்டு வருவார்.

கெர்னிகாவை அவர் பார்த்தது எண்பத்தொன்றில், கள்ளக்குறிச்சி நூலகத்தில், ஒரு வாரப் பத்திரிகையில். கெர்னிகா என்பது ஸ்பெயின் நாட்டில் ஓர் ஊர். முப்பத்தேழாம் வருஷம் அங்கே உள்நாட்டுச் சண்டை. ஒரு திங்கட்கிழமை, சந்தை நாளாகப் பார்த்து, ஜெர்மன் விமானங்களும் இத்தாலிய விமானங்களும் வந்து குண்டு போட்டு ஊரைக் கொளுத்திவிட்டுப் போயின. பாரிஸில் இருந்த பிக்காசோ ஆத்திரம் தாளாமல் ஒரு சுவர் நீளத்துக்குப் படம் வரைந்தார். தன் நாட்டில் மக்களுக்கு உரிமை திரும்பும்வரை படம் அங்கே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். அயல்நாட்டில் இத்தனை காலம் காத்துக் கிடந்த படம் அந்த வருஷம்தான் ஸ்பெயினுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அதைப் பார்க்க பிக்காசோ உயிரோடு இல்லை.

அரங்கநாதனைப் பிடித்து நிறுத்தியது இந்தக் கதை இல்லை. படம் கறுப்பு வெள்ளையில் இருந்தது. அவ்வளவு பெரிய ஓவியரும் தன்னைப் போலவே நிறம் இல்லாமல் செத்தவர்களை வரைந்திருக்கிறாரே என்று அவருக்குத் திடீரென்று ஒரு சொந்தக்காரர் கிடைத்தமாதிரி இருந்தது. நூலகர் இரக்கப்பட்டு அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து கூடத்துச் சுவருக்கு வெள்ளையடித்து, கட்டம் போட்டு, விளக்குக் கரியைக் குழைத்து வரைய ஆரம்பித்தார். ஆர்டர் இல்லாத நாளில் ஒரு கட்டம். இப்படியே வருஷக்கணக்கில் ஓடியது.

வரைய வரைய அந்தப் படத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தார். அதில் வரும் காளை கொடுமையைக் குறிக்கிறது என்று எழுதியிருந்தார் ஒருவர். இல்லை, அது அந்த நாட்டு மக்கள் என்றார் இன்னொருவர். வயிறு கிழிந்து கதறும் குதிரை, உடைந்த வாளும் அதன் பக்கத்தில் ஒரு சின்னப் பூவும், சன்னலுக்கு வெளியே விளக்கை நீட்டும் பெண், செத்த பிள்ளையை மடியில் கிடத்தி வானத்தைப் பார்த்து அலறும் தாய். இத்தனை இருந்தும் குண்டு போட்ட விமானம் படத்தில் இல்லவே இல்லை. போட்டவனைக் காட்டாமல் பட்டவர்களை மட்டும் காட்டிவிட்டாரே என்று அரங்கநாதன் வியந்து போனார். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. யாரும் கேட்கவில்லை.

எண்பத்தேழு செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. வீட்டுக்கு ஓர் ஆள், கையில் கோடாலியோடு வர வேண்டும், புளியமரங்களை வெட்டிச் சாலையில் போட வேண்டும் என்று ஊரில் தண்டோரா போட்டார்கள். கேட்ட இடம் நியாயமான இடம் என்பதில் அரங்கநாதனுக்குச் சந்தேகம் இல்லை. படித்துவிட்டு மாடு மேய்க்கும் பையன்களை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனாலும் அந்த வாரம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டார். கொள்கை என்று யாராவது சொன்னால் அவருக்கே சிரிப்பு வந்திருக்கும். பயம்தான் முக்கால்வாசி. மிச்சம் என்ன என்று அவருக்கே தெரியாது.

ஊர் அவரை ஒதுக்கிவைத்தது. சவரம் இல்லை, கடையில் சாமான் இல்லை, எதிரே வந்தால் பேச்சு இல்லை. மலையிலிருந்து புளியும் தேனும் கொண்டுவந்து விற்கும் வெள்ளிமலை வெள்ளச்சி மட்டும்தான் அவரிடம் வாய் திறப்பாள். ஊர்க்கட்டு மலைக்காரர்களுக்கு இல்லை. சந்தை நாளில் அவள் குரல் கேட்பதற்காகவே தேவையில்லாத புளியை வாங்கிக் குவித்தார்.

அந்த மறியலில் ஒரு சாவு நடந்திருந்தது. அதே ஊரில் புருஷனை இழந்த அமிர்தத்தின் ஒரே மகன் கொளஞ்சியப்பன், இளவட்டம், வெட்டிய மரம் தப்புத் திசையில் சாய்ந்து அடியில் சிக்கிவிட்டான். காரியத்துக்குச் சில நாள் முன்பு, நடுப்பகலில், ஊர் பார்க்க நடுத்தெரு வழியாகவே நடந்து அமிர்தம் அரங்கநாதன் வீட்டுக்கு வந்தாள்.

"தம்பி, எம்புள்ளய வரஞ்சி குடு."

ஊர்க்காரர் குரல் கேட்டு எத்தனை நாளாயிற்று! அவர் தெருவை எட்டிப் பார்த்தார்.

"எங்கூட பேசுனா உங்களயும் ஒதுக்கிடுவாங்கக்கா."

"ஒதுக்கட்டும். இனிமே எங்கிட்ட எடுத்துக்க இன்னா இருக்குது?"

அவனுடைய ஒரே போட்டோ பள்ளிக்கூடத்தில் கும்பலாக எடுத்தது. அதை மறியல் நடத்திய சங்கத்துக்காரர்கள் வாங்கிப்போய்ப் பெரிதாக்கிவிட்டார்கள்.

"கொடியெல்லாம் போட்டு மாவீரன்னு எழுதிக்கிறாங்க. மீசய முறுக்கிவுட்டுருக்காங்க. எம்புள்ளைக்கு மீச எங்க தம்பி ஒழுங்கா மொளச்சிது?"

சொல்லிக்கொண்டே திரும்பியவள் சுவரைப் பார்த்தாள். பிள்ளையை மடியில் வைத்திருந்தவள்மேல் கண் நின்றுவிட்டது. அரங்கநாதனுக்கு ஒரு நிமிஷம் தலைகால் புரியவில்லை. கடைசியில் ஒருத்தர் கேட்க வந்துவிட்டார்! சந்தை, விமானம், காளை, குதிரை என்று வருஷக்கணக்கில் சேர்த்துவைத்ததையெல்லாம் மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தார். அமிர்தம் பொறுமையாகக் கேட்டாள்.

"இந்தப் பொம்பளயோட புள்ள பேரு இன்னா?"

"அது... பேரெல்லாம் இல்லக்கா. அது ஒரு அடையாளம். சண்டையில புள்ளய பறிகொடுத்த தாய்ங்க எல்லாத்துக்கும்."

"பெத்தவ பேரு வச்சிருப்பா இல்ல?"

அரங்கநாதன் தலை குனிந்தார். அந்தப் பிள்ளையின் முகம் எத்தனை கட்டத்துக்குள் அடங்கும் என்று அவருக்குத் தெரியும். அது ஒருத்தி பெற்ற பிள்ளை என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. வெட்கமாக இருந்தது.

போட்டோ இல்லாமல் கட்டம் போட வழியில்லை. முதல்முறையாக வெறும் அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அமிர்தம் எதிரே உட்கார்ந்து சொல்லச் சொல்ல வரைந்தார், அழித்தார். "இது அவன் இல்ல, தம்பி" என்றாள். கரும்புத் தோகை கிழித்துத் தழும்பான புருவம் வந்தது. காது வந்தது. வாய் மட்டும் வரவே இல்லை.

"தெத்துப்பல்லு அவனுக்கு. சிரிச்சா மொதல்ல அதுதான் வெளிய வரும்."

"காரியத்துப் படத்துல பல்லு தெரியக்கூடாதுக்கா."

"பல்லு தெரியாம அவன் எப்பிடி தம்பி இருப்பான்?"

அவர் வழக்கத்தைத் தூக்கி மூலையில் போட்டார். தெத்துப்பல்லை வைத்ததும் அமிர்தம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்கப்புறம் எதையும் திருத்தவில்லை.

காரியத்தன்று ஊரே அந்த வீட்டில் இருந்தது. அரங்கநாதன் மட்டும் தன் கூடத்தில் உட்கார்ந்து தூரத்து மேளத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். தான் வரைந்த படம் ஏறியதா, இல்லை கிழித்துப் போட்டுவிட்டார்களா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கேட்க ஆள் இல்லை. அடுத்த சந்தைக்கு வெள்ளச்சி வந்துதான் சொன்னாள்.

"ரெண்டு படமும் பக்கத்துல பக்கத்துல வச்சிருந்தாங்க. சங்கத்துக்காரங்க நீ வரஞ்சத காட்டி, இத்த யாரு வரஞ்சதுன்னு கேட்டாங்க. அந்தம்மா உம்பேர சொல்லிச்சி. பல்ல இளிச்சிக்கினு, போராடி செத்தவனுக்கு அவமானம், எறக்குன்னாங்க. அந்தம்மா கொடி போட்ட படத்த கையில எடுத்து குடுத்திச்சி. 'இது உங்க ஆளு, எடுத்துக்கினு போங்க. அது எம்புள்ள, அங்கயே இருக்கட்டும்'னிச்சி."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? பாதிச் சாப்பாட்டுல எல்லாம் எழுந்து போய்ட்டாங்க. இப்ப அந்த வூட்டுக்கும் யாரும் போறதில்ல."

அரங்கநாதன் வாய்விட்டு அழுதார். மகனைக் கொடுத்தவள் அவள், இப்போது ஊரையும் இழந்தாளே என்று நினைக்கத் தாங்கவில்லை. வெள்ளச்சி கூடையைத் தூக்கிக்கொண்டு போனபின் முகத்தைக் கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டார். இத்தனை நாளும் வெளியே போக வேண்டுமென்றால் யார் கண்ணிலும் படாமல் கொல்லைப்புறம் வழியாகத்தான் போவார். அன்றைக்குத் தெருக்கதவைத் திறந்துகொண்டு நடுத்தெருவில் இறங்கி நடந்தார்.

அமிர்தம் அடுப்படியில் இருந்தாள். வந்தவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

"உக்காரு தம்பி. ஒருத்திக்குன்னு அளவா வடிக்க இன்னும் கை பழகல. தெனமும் மிஞ்சிப்போவுது."

தட்டைக் கழுவி அவர் முன்னால் வைத்தாள். அது கொளஞ்சியப்பனின் தட்டு என்று அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. தெருவில் போனவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அமிர்தம் கதவைச் சாத்தாமல் சோற்றைப் போட்டாள்.