அந்த வீடியோவை எடுத்தவன்

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு சமுதாயக் கூடத்தில் முதியோருக்கான யோகா வகுப்பு நடந்தது. முட்டி வலிக்காரர்கள் நாற்காலியில், மற்றவர்கள் பாயில். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நானும் சேர்ந்தேன்.

என் பக்கத்துப் பாய்க்காரி ஈஜிபுராவிலிருந்து பஸ்ஸில் வருவாள். கோலார் தங்கவயலில் பிறந்தவள். சுரங்கத்தில் வேலை பார்த்த கணவர் இறந்த பிறகு மகன் வீட்டோடு வந்துவிட்டாள். சமையல், பேரப்பிள்ளைகள், துணி எல்லாம் அவள் தலையில்தான்.

"இங்க வந்தாத்தான்க்கா இந்த ஒடம்பு என்னுது. வூட்ல அது எல்லாருக்கும் வேல செய்ற மிஷினு" என்பாள்.

ஒருநாள் மல்லாந்து படுத்து முழங்காலை வயிற்றோடு அணைக்கும் ஆசனம். வயிற்றுக் காற்றை வெளியேற்றத்தான் அதைச் செய்கிறோம். அவளுக்குச் சத்தமாகவே வெளியேறியது. எல்லாரும் சிரித்தோம், அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வகுப்புக்கு அவள் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. என் மகள்தான் செல்போனைக் கொண்டுவந்து காட்டினாள். எங்கள் யோகா ஆசிரியர் அன்று நடந்ததை வீடியோ எடுத்து, கோமாளிப் பாட்டுப் போட்டு, அவள் முகத்தைப் பெரிதாக்கித் தன் இணையப் பக்கத்தில் போட்டிருந்தார். கீழே யார் யாரோ கேலியாக எழுதியிருந்ததைக் கடைசிவரை படிக்காமல் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை வகுப்பில் எல்லார் முன்னாலும் அவரைக் கேட்டேன். "யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"ஐயோ ஆன்ட்டி, சும்மா தமாஷுக்கு. எல்லாரும் க்யூட்டா இருக்காங்கன்னு சொல்றாங்க."

"உங்க அம்மாவை இப்படிப் போடுவீங்களா?"

அவர் முகம் மாறியது. "இப்போ என்ன, டிலீட் பண்ணணும், அவ்ளோதானே?" என்று அங்கேயே அழித்தார். அதற்குள் அது எத்தனை போனுக்குப் போயிருக்கும்! அதைவிட என்னைக் கொதிக்க வைத்தது நாற்காலியில் இருந்த ஒரு பெரியவர். "பாவம், காசு வாங்காம சொல்லிக் குடுக்கறாரு. விட்டுடுங்கம்மா" என்றார். ஒருவர்கூட எனக்காக வாயைத் திறக்கவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அன்றுவரை நான் 'சார்' என்று கூப்பிட்ட அந்த ஆள் அதற்குப் பிறகு எனக்கு 'அவன்'தான்.

நேரே ஈஜிபுராவுக்குப் போனேன். கதவைப் பாதிதான் திறந்தாள்.

"எம் பேரனோட சிநேகிதனுங்க அந்த மாதிரி சத்தம் போட்டுக் காட்றானுங்கக்கா. மருமக சிரிப்ப அடக்கினு சோறு போட்றா. நான் இனிமே எங்கயும் வர்ல."

"தப்புப் பண்ணினது நீ இல்லடி."

"தெரியும்க்கா. ஆனா மானம் போனது என்னுதுதானே?"

வாசலில் நின்றபடியே அழுதுவிட்டேன். அழுகையில் பாதி கோபம்.

பல வாரம் கெஞ்சிய பிறகு என் வீட்டுக்கு வரச் சம்மதித்தாள். இப்போது என் வரவேற்பறையில் நாங்கள் இருவர் மட்டும் செய்கிறோம். முழங்காலை அணைக்கும் அந்த ஆசனத்தை மட்டும் அவள் செய்வதில்லை. நானும் வற்புறுத்துவதில்லை.

அவன் இப்போதும் அதே கூடத்தில்தான் வகுப்பு எடுக்கிறான். பண்டிகைக்கு வகுப்புக்காரர்கள் அவனுக்குச் சால்வை போர்த்தினார்களாம்.