தெரியாத மெஷினும் பழைய ஃபைலும்

பழைய மென்பொருளைப் புதிய கம்ப்யூட்டரில் ஓடவைப்பது என் பிழைப்பு. ஓடாதபோது வசவு வாங்குவதும் அதில் சேர்த்தி.

பழைய புரோகிராம்களின் சோர்ஸ் கட்டுக்குள், அதாவது மூல நிரல் கட்டுக்குள், ஒரு சின்ன ஃபைல் இருக்கும். ‘நான் எந்த வகை மெஷினில் இருக்கிறேன்?’ என்று கண்டுபிடிப்பதுதான் அதன் வேலை. அதை எழுதிய பிறகு வந்த மெஷினை அதற்குத் தெரியாது. தெரியாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். அதே ஃபைலின் புதிய பதிப்பை மாற்றி வைத்தால் தீர்ந்தது. இது புரியாமல் நாள்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இது.

காத்திருந்த தக்காளி

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடை. பழைய கம்ப்யூட்டர் மழையில் நனைந்து செத்துவிட, கடைக்கார அண்ணாச்சி புது வகைக் கம்ப்யூட்டராக ஒரு சின்னப் பெட்டி வாங்கியிருந்தார். தராசின் எடையைத் திரையில் காட்டும் புரோகிராமை அதில் ஏற்ற வேண்டும். வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து ஏற்றினேன், பாதியில் நின்றது. கேபிளைக் கழற்றி மாட்டினேன். தராசைச் சந்தேகப்பட்டேன். வெளியே தக்காளி டெம்போக்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டன.

இரண்டு மணி நேரம் கழித்துத்தான் பிழைச் செய்தியை ஒழுங்காகப் படித்தேன்: ‘இந்த மெஷினைத் தெரியவில்லை.’ ஒரே ஒரு ஃபைலை மாற்றினேன். பத்து நிமிஷத்தில் திரையில் எடை வந்தது. எனக்கு உயிர் வந்தது. விஷயத்தைக் கேட்ட அண்ணாச்சி சொன்னார்: “ஏம்மா, புதுசா ஒரு ஆளு வந்தா நாங்க ‘எந்த ஊரு’ன்னு கேப்போம். ஒங்க புரோகிராமு ஆளத் தெரியலன்னு கதவச் சாத்துதே!”

கையால் மாற்றிய காலம்

அடுத்து, எங்கள் நூற்றுச்சொச்சம் புரோகிராம்களையும் புது மெஷின்களுக்கு மாற்றச் சொல்லிவிட்டார்கள். தென்காசி ஆபீஸில் நானும் கூட வேலை பார்க்கும் ஸ்டெல்லாவும் பங்கு போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டாகத் திறந்து ஃபைலை மாற்றினோம். ஒரு நாள் சாப்பிட்ட மயக்கத்தில், புதிய ஃபைலின் மேலேயே பழையதைக் காப்பி செய்துவிட்டேன். அதற்குப் பிறகு மாற்றிய நாற்பதும் வீண். அழுகையே வந்துவிட்டது. ஸ்டெல்லா திட்டவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள்: “அக்கா, மெஷின் செய்ய வேண்டிய வேலய நாம செய்யுதோம், நம்ம தப்ப எண்ணுத வேலய அது செய்யுது.”

ஐந்தருவியில் ஒரு மெசேஜ்

அந்த வாரமே இருவரும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினோம். எந்தக் கட்டைத் திறந்தாலும் முதலில் பழைய ஃபைலை அதுவே தூக்கிவிட்டுப் புதியதை வைக்கும். சனிக்கிழமை காலையில் எல்லாவற்றையும் ஓடவிட்டோம். ஸ்டெல்லா பார்த்துக்கொள்வதாகச் சொன்னதால், சீசன் போய்விடும் என்று என் வீட்டுக்காரர் குற்றாலத்துக்கு இழுத்துப்போனார்.

சாரல், கூட்டம். பெண்கள் பக்கம் போய் அருவியில் தலையைக் காட்டுவேன். ஓடி வந்து அவர் கையிலிருக்கும் போனைப் பார்ப்பேன். ஈரக்கைக்கு அது மசியாது. மூன்றாம் தடவை வந்தபோது மெசேஜ் இருந்தது: ‘ஒண்ணே ஒண்ணுதான் நின்னுச்சு. மத்த எல்லாம் ஓடிட்டு.’ திரும்பப் போய், கழுத்து வலிக்கும்வரை அருவிக்கடியில் நின்றேன். வெளியே வந்ததும் அவர் சொன்னார்: “ஏட்டி, இப்பத்தான் நீ குளிச்சிருக்க. முன்னால மூணு தடவயும் சும்மா நனஞ்சிட்டுல்லா வந்த!”

மிஞ்சிய ஒன்று

நின்றுபோனது, ரசீது அச்சடிக்கும் புரோகிராம். அதை எழுதியவர் எங்கள் ஆபீஸில் முன்பு இருந்தவர். இப்போது ஆலங்குளத்தில் விவசாயம். அந்த ஃபைலுக்குள் தன் கையால் இரண்டு வரி சேர்த்திருக்கிறார். எங்கள் ஸ்கிரிப்ட் கேட்காமல் கொள்ளாமல் அவற்றை அழித்துவிட்டது. பயந்துகொண்டே போன் செய்தேன். அது அந்தக் காலத்து மெஷின் ஒன்றுக்காகப் போட்ட ஒட்டு, அந்த மெஷினே இப்போது இல்லை என்றார். புரோகிராமில் அதை நம்பியிருந்த இன்னொரு வரியையும் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். ஓடியது. போனை வைக்குமுன் அவர் சொன்னார்: “நல்லவேள, நீங்க எடுத்தீங்க. எழுதுனவன் நான், அதத் தொட எனக்கே பயமாத்தான் இருந்துச்சு!”

ஆக, இப்போது எல்லாம் தானாகவே நடக்கிறது. தானாகத்தான் நடக்கிறதா என்று தினமும் எட்டிப் பார்ப்பது மட்டும்தான் என் உத்தியோகம்.