சீனிமுகம்மதின் நிரந்தர முகவரி

மற்றவர்கள் கையெழுத்துப் போடுகிற கடிதங்களை டைப் அடித்துக் கொடுப்பதுதான் என் தொழில். எழுபதுகளின் கடைசியிலிருந்து பத்து வருசம், கல்முனைக் கோர்ட்டுக்கு எதிரே ஒரு மேசை, ஒரு பழைய டைப்ரைட்டர். அரசாங்கக் கந்தோருக்குக் கடிதம் போட்டுவிட்டுத் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக் கிடந்தவர்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை.

எந்த துஆ?

ஆசியா உம்மா எனக்கு உறவில்லை. வயதுக்கு மரியாதையாகச் சாச்சி என்பேன். காக்கிச் சட்டை போட்ட வாலிபன் ஒருவனின் போட்டோவோடு வந்தார். பெயர் சீனிமுகம்மது, அவருடைய மாப்பிள்ளை, அதாவது புருசன். கலியாணக் காவின் எழுதி நாற்பதாம் நாள் வெள்ளைக்காரனின் படையில் சேர்ந்து, உலக யுத்தத்துக்குக் கப்பலேறியவர். ஆளும் வரவில்லை, செய்தியும் வரவில்லை. மறுமணம் பேசி வந்தவர்களைச் சாச்சி திருப்பி அனுப்பிவிட்டார். படைக்காரர்களின் பதிவேடுகள் சீமையில் இருப்பதாகவும், எழுதிக் கேட்கலாம் என்றும் இப்போது யாரோ சொல்லியிருக்கிறார்கள். பென்சனுக்கா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"பென்சன் என்னத்துக்குத் தம்பி? அஞ்சு நேரமும் தொழுதிட்டுக் கையேந்தித் துஆ செய்யிறன். அவர வரச்சொல்லிக் கேக்கிறதா, அவர்ர கபுறுக்குக் கேக்கிறதா எண்டு தெரியாமலே கேக்கிறன்."

நான் நிரப்பிய கட்டம்

சீமையிலிருந்து படிவம் வந்தது. படை இலக்கம் தெரியாது, அந்தக் கட்டம் வெறுமை. 'சேர்ந்தபோது கொடுத்த நிரந்தர முகவரி' என்று ஒரு கட்டம். நம் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்குத்தானே போவான்? யோசிக்காமல் சாச்சியின் கல்முனைக்குடி வீட்டைப் போட்டேன். நெருங்கிய உறவு: மனைவி. அழகாக டைப் அடித்ததில் எனக்குப் பெருமை வேறு.

ஏழு மாதம் கழித்து மறுமொழி வந்தது. அந்தப் பெயரில் பலர் உண்டு, அந்த முகவரியில் ஒருவரும் இல்லை. தமிழில் சொன்னேன். சாச்சி போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப அவர் போகவேயில்லையா தம்பி?"

வரிசையில் பின்னால் நின்றவர்

அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. அதன் பிறகு மேசைக்கு வருகிற வயதான ஆண்களிடமெல்லாம் படைக்குப் போனதுண்டா என்று விசாரிப்பேன். சிலர் கோபப்பட்டார்கள். மருதமுனை இஸ்மாலெவ்வைக் காக்கா கோபப்படவில்லை. சூறாவளியில் கூரையோடு பறந்துபோன தன் படைப் பத்திரத்துக்குப் பிரதி கேட்டு எழுதத்தான் அவரே வந்திருந்தார்.

சீனிமுகம்மதின் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்தார். படையில் சேர்ந்த அன்று வரிசையில் தனக்கு முன்னால் நின்றவர் அவர்தான், கப்பலிலிருந்து இறங்கியதும் பிரித்துவிட்டார்கள் என்றார். பெயரன்மாரின் பெயரில் தடுமாறுகிற மனிதர், தன் படை இலக்கத்தை ஒரே மூச்சில் ஒப்பித்தார். கடைசியில் ஏழு. முன்னால் நின்றவருக்கு ஆறாகத்தான் இருக்க வேண்டும். முகவரிக் கட்டத்தைக் காட்டினேன். சிரித்துவிட்டார்.

"காவின் எழுதி நாப்பது நாளில பொஞ்சாதிட ஊட்ட என்ட ஊடு எண்டு சொல்ல வெக்கமா இரிக்காதா? நாங்க எல்லாரும் உம்மாட ஊட்டத்தான் சொன்ன."

திரும்பிப் போன உறை

சாச்சியிடம் கேட்டு, சீனிமுகம்மதின் தாயாருடைய அட்டாளைச்சேனை வீட்டு முகவரியும், ஆறில் முடிகிற இலக்கமுமாக மறுபடி எழுதினேன். இந்தத் தடவை தடித்த உறை வந்தது. கப்பலேறிய மறு வருசமே, எகிப்து என்கிற மிசிறு நாட்டு ஆசுபத்திரியில், காய்ச்சலில் மௌத்து. அடக்கிய இடமும் இருந்தது. கூடவே ஒரு பழைய உறையின் பிரதி. மௌத்துச் செய்தியை உடனேயே தாயாருக்கு அனுப்பியிருக்கிறார்கள். 'ஆள் இங்கே இல்லை' என்று திரும்பியிருக்கிறது.

எல்லாவற்றையும் வாசித்துச் சொன்னேன். சாச்சி அழவில்லை, கணக்குப் பார்த்தார். அந்த வருசம்தான் மாமியார் அந்த வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டுச் சாகாமத்து வயல் பக்கம் குடி போனாராம். தபால்காரருக்குப் பதில் சொல்ல வீட்டில் இருந்தது புது மருமகன்.

"அவரும் பொய் சொல்லல்ல தம்பி. மாமி அங்க இல்லத்தானே."

நாலு மாதமும் பத்து நாளும்

மறுநாள் சாச்சி பள்ளிவாசல் லெவ்வையிடம் போனார். மாப்பிள்ளை மௌத்தானால் பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இத்தா இருக்க வேண்டும். எப்போது தொடங்குவது என்று கேட்கத்தான் போனார். மௌத்தான நாளிலிருந்துதான் கணக்கு, செய்தி வந்த நாளிலிருந்து அல்ல, அது எப்போதோ முடிந்துவிட்டது என்று லெவ்வை சொல்லியிருக்கிறார்.

திரும்புகிற வழியில் என் மேசைக்கு வந்து, கேட்காமலே உட்கார்ந்தார். இனி எந்த துஆ கேட்பது என்று தெரிந்துவிட்டது, அதற்கு அல்லா உனக்கு நல்லது தரட்டும் என்றார். எழும்பும்போதுதான் மற்றதைச் சொன்னார்.

"நான் அப்பவே இத்தா முடிச்சிட்டனாம் தம்பி. அந்த நாலு மாசமும் பத்து நாளும் நான் அவருக்குச் சோறு மூடி வெச்சிக்கிட்டிருந்தன்."

ஆண்பிள்ளைக்கு நிரந்தர முகவரியே இல்லாத ஊரில் இருந்துகொண்டு, அந்தக் கட்டத்தை மட்டும் வெறுமையாக விடாதீர்கள் என்று பத்து வருசம் ஆட்களுக்குப் புத்தி சொன்னவன் நான்.