வரவேற்பு மேசைக் கங்கம்மா

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ஒரு அரசு விழா நடக்க வேண்டுமானால் பந்தல் போட்டாக வேண்டும், கங்கம்மாவைக் கூப்பிட்டாக வேண்டும். கேலிக்குச் சொல்வதுதான், ஆனால் பொய்யில்லை. தண்ணீர்த் தொட்டித் திறப்போ, புதுப் பஸ்ஸுக்குக் கொடியசைப்போ, எதுவானாலும் மகளிர் சுயஉதவிக் குழுவுக்குத்தான் முதல் போன் வரும். வேன் அனுப்புகிறோம், எல்லாரும் ஒரே நிறப் புடவையில் வந்துவிடுங்கள் என்பார்கள். வேனில் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் காலி நாற்காலியை நிரப்ப. கொஞ்சம் பேர் சாப்பாட்டுப் பக்கம். இரண்டே பேர் வாசலில், வரவேற்பு மேசைக்கு. அந்த இரண்டு பேரில் ஒருத்தி எப்போதும் கங்கம்மா.

வரவேற்பு மேசையை லேசாக நினைக்க வேண்டாம். பன்னீர்ச் செம்பைக் குலுக்குகிற குலுக்கலில் அதிகாரியின் மூக்குக்கண்ணாடி நனைந்துவிட்டால் அன்றைக்கு முழுக்கக் குழுவுக்கு டோஸ் விழும். சந்தனத்தைத் தண்ணியாகக் கரைத்தால் வெள்ளைச் சட்டையில் சொட்டும். பன்னீர் நஜ்மாவின் பொறுப்பு, சந்தனம் கங்கம்மாவின் பொறுப்பு. நஜ்மா பழவேற்காட்டுப் பெண். கணவன் ஷாஹுலோடு கங்கம்மா வீட்டுத் தெருவிலேயே மளிகைக்கடை வைத்திருக்கிறாள், வாய் ஓயாது. கங்கம்மா அதற்கு நேர் எதிர். கார் கதவு திறந்தால் நிமிர்வாள், கிண்ணத்தை நீட்டுவாள், அவர்கள் விரலால் தொட்டுக்கொண்டு உள்ளே போவார்கள். சிரிக்கச் சொன்னால் சிரிப்பாள். அடக்கமான பொம்பளை என்று அதிகாரிகள் வாயார மெச்சுவார்கள்.

அடக்கமாவது மண்ணாவது! இந்தக் கங்கம்மா ஒரு காலத்தில் பாடினாள் என்றால் அந்தத் தெருவில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். கல்யாணத்துக்கு முன்னால், சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலையில் இருந்த காலம் அது. ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் கச்சேரி வைத்தார்கள். கோஷ்டியோடு வந்த பாடகர் பூவராகவன். அப்போது அவர் இவ்வளவு பெரிய ஆள் இல்லை. தொழிலாளிகளில் யாராவது பாடுங்கள் என்று மைக்கை நீட்டினார், கூட வேலை செய்கிறவர்கள் கங்கம்மாவைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். அவள் பாடி முடித்ததும், "இந்தத் தொண்டைய வச்சிக்கினு பெட்டி ஒட்டிக்கினு இருக்கியேம்மா" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். கங்கம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் கூப்பிட்டதும் கோஷ்டியில் சேர்ந்துவிட்டாள்.

திருநின்றவூரில் அவருக்கு ஒரு ஃபிளாட் இருந்தது, ஒத்திகை அங்கேதான். வேலை இல்லாத நாளில் இரண்டு ரயில் மாறிப் போய்ப் பின்பாட்டுப் பாடிவிட்டு வருவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மற்றவர்களை முன்னதாக அனுப்பிவிட்டு, உனக்கு மட்டும் ஒரு பாட்டுச் சொல்லித் தருகிறேன் என்று அவளை இருக்கச் சொன்னார்.

அதற்கு மேல் என்ன நடந்தது என்று துருவிக் கேட்கிறவர்களுக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது. அவள் யாரிடமும் சொல்லவில்லை, அதை நான் கடை விரிப்பதாக இல்லை. திரும்பி வரும்போது ரயிலில் இடம் கிடந்தும் கும்மிடிப்பூண்டி வரை நின்றுகொண்டே வந்தாள். தொண்டை கட்டிக்கொண்டது, இனிமேல் பாட வராது என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா மேலே எதுவும் கேட்கவில்லை. அடுத்த தை மாதமே ரோலிங் மில்லில் வேலை செய்யும் வெங்கடேசனுக்குக் கட்டிவைத்துவிட்டாள்.

வெங்கடேசன் தங்கமான மனிதன். குடி கிடையாது, அடி உதை கிடையாது. கங்கம்மாவும் சமைத்தாள், துவைத்தாள், இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தாள், குழுவில் சேர்ந்தாள். துக்கம் என்றாலும் அழுகை வராது, சந்தோஷம் என்றாலும் பெரிதாக ஒன்றும் தோன்றாது. கால் மரத்துப்போனால் உதறிவிட்டு நடக்கலாம். அவளுக்கு மரத்துப்போனது காலில்லை.

இதற்கிடையில் பூவராகவன் எங்கேயோ போய்விட்டார். டி.வி.யில் நடுவர், பட்டி தொட்டியெல்லாம் அவர் பாட்டு, பேருக்கு முன்னால் 'மக்கள் பாடகர்' என்று ஒரு பட்டம். சில வருஷங்களுக்கு முன் அவர் கோஷ்டியில் பாடிய சில பெண்கள், இந்த ஆள் எங்களிடம் இப்படி இப்படி நடந்துகொண்டார் என்று பெயரோடு முகத்தோடு வெளியே வந்து சொன்னார்கள். டி.வி.க்காரர்கள் ஒரு வாரம் வறுத்தெடுத்தார்கள். பொறாமைக்காரர்கள் கிளப்பிவிட்டது என்றார் அவர். வழக்கு எங்கேயோ தூங்கிக்கொண்டிருக்கிறது. கங்கம்மா அந்தப் பெண்களின் முகத்தை வெங்கடேசனின் போனில் பார்த்தாள். அவர்களில் ஒருத்தியைத் தெரியும். ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார்கள்.

அப்புறம்தான் பொன்னேரியில் அரசு கலைவிழா என்று அறிவித்தார்கள். குழுக் கூட்டத்தில் தலைவி விவரம் சொல்லிக்கொண்டே வந்து, "சிறப்பு விருந்தினர் மக்கள் பாடகர் பூவராகவன். வாசல்ல கங்கம்மாவும் நஜ்மாவும்" என்றாள்.

நஜ்மா துள்ளினாள். "யாரு, அவரா? எங்க ஊட்டுக்காரருக்கு அவரு பாட்டுன்னா உசுரு! ஏய் கங்கம்மா, பக்கத்துல நின்னு ஒரு போட்டோ புடிச்சிக்கலாம்டி!"

கங்கம்மா கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். அன்றிலிருந்து அவள் மண்டைக்குள் ஒரே ஒரு காட்சிதான். கார் கதவு திறக்கும். அந்த ஆள் இறங்குவார். இவள் கிண்ணத்தை நீட்ட வேண்டும், அவர் விரலை விட்டுத் தொட்டுக்கொள்வார். வர முடியாது என்று சொல்லலாம்தான். ஏன் என்று கேட்பார்களே, அதற்கு என்ன சொல்வது? விழாவுக்கு வராதவள் குழுவுக்கு வேண்டாதவள் என்பது எழுதாத சட்டம்.

அந்தச் சமயத்தில்தான் ஜானகியம்மாள் களத்தில் இறங்கினார். அப்போது எதிர்க்கட்சியாக இருந்த கட்சிக்கு இந்தப் பக்கத்து மகளிர் அணித் தலைவி. நெல்வயல் உள்ள குடும்பம், கணீரென்ற குரல். திருவள்ளூரில் ஆட்சியர் அலுவலகத்துக்கு முன்னால் பெண்களைத் திரட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "பெண்களின் கண்ணீருக்குக் காரணமானவனுக்கு அரசாங்க மேடையா? அவனுக்குப் பொன்னாடையா?" என்று மைக்கில் கேட்டார். கலை வேறு, கலைஞர் வேறு, தீர்ப்பு வரும்வரை யாரும் குற்றவாளி இல்லை என்று ஆளுங்கட்சிக்காரர்கள் பதில் சொன்னார்கள்.

வெங்கடேசன் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டே போனில் அதைப் பார்த்தான். "இவ்ளோ வருசம் வாய மூடிக்கினு இருந்துட்டு இப்ப இன்னாத்துக்குச் சொல்றாளுங்க? டப்பு வாங்கியிருப்பாளுங்க" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மில்லில் நாலு பேர் பேசினதை வாந்தி எடுத்தான், அவ்வளவுதான். கங்கம்மா அவன் தட்டில் இன்னொரு தோசையை வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

பேஜாரு பெரிதாகிப் போக, அழைப்பு ரத்தானது. விழா வேறு யாரையோ வைத்து நடந்தது. கங்கம்மா சந்தனம் நீட்டினாள், யார் யாரோ தொட்டுக்கொண்டு போனார்கள்.

மறுநாள் ஜானகியம்மாள் தெருத்தெருவாக லட்டு கொடுத்துக்கொண்டு வந்தார். கங்கம்மாவின் வீட்டு வாசலில் நின்று அவள் கன்னத்தைப் பிடித்து, "உங்களுக்காகத்தாம்மா இவ்ளோ போராட்டம். நம்ப பொண்ணுங்க மேல எவன் கை வச்சாலும் இந்த அக்கா உடமாட்டா" என்று வாயில் லட்டை ஊட்டினார். ஊரில் எல்லாருக்கும் ஊட்டின லட்டுதான் அது. ஆனால் கங்கம்மாவுக்கு அப்படித் தோன்றவில்லை, பாவம். கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வந்த அழுகை. தனக்காக ஒரு ஆள் தெருவில் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தாள். என்றைக்காவது வாய் திறந்து சொல்வதென்றால் ஜானகியக்காவிடம்தான் சொல்வது என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டாள்.

அப்புறம் தேர்தல் வந்தது. பிரச்சார வேனில் ஏறி நின்று ஜானகியம்மாள் கட்சிக்காக ஊர் ஊராகப் பாடினவர் யார் என்கிறீர்கள்? சாட்சாத் பூவராகவன்தான். தன்னை அவமானப்படுத்திய ஆட்சியைத் தூக்கி எறியப் போகிறேன் என்றார், எறிந்தும் விட்டார்கள். எதிர்க்கட்சி ஆளுங்கட்சியானது. இந்தப் பக்கம் எந்த அரசு விழா என்றாலும் ஜானகியம்மாள் சொல்வதுதான் நடக்கும் என்றானது. முதல் பெரிய விழா, சந்தைக்குக் கட்டிய புதுக் கட்டடத்தின் திறப்பு. சிறப்பு விருந்தினர் யார் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

இப்போது பதவி இழந்த கட்சிக்காரர்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். பெண்களின் கண்ணீருக்குப் பதில் என்ன என்று கேட்டார்கள். கலை வேறு, கலைஞர் வேறு என்று இவர்கள் பதில் சொன்னார்கள். வெட்கம் கெட்டவர்கள், வார்த்தையைக்கூட மாற்றவில்லை. ஜானகியம்மாள் டி.வி.யில், "கோர்ட்டு சொல்லட்டும், நாங்க கேட்டுக்குறோம்" என்றார்.

கங்கம்மா அதைப் பார்த்தாள். பார்த்தும் அவள் ஜானகியம்மாளை வெறுக்கவில்லை. அக்காவுக்குத் தெரியாது, தெரிந்தால் இப்படிச் செய்ய மாட்டார், யாரோ முகம் தெரியாத பெண்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றே எண்ணினாள். நம்ப தெருப் பொம்பளை, தன் கையால் ஊட்டிவிட்ட பொம்பளை என்று தெரிந்தால் அக்கா பதறிப்போவார்.

விழா அன்று காலையில் வேன் வந்தது. கங்கம்மா மெரூன் புடவையில் ஏறி உட்கார்ந்தாள். சந்தைக்கு முன்னால் பந்தல், தடுப்புக் கட்டை, போலீஸ். நஜ்மா மேசைக்கு விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். கங்கம்மா சந்தனத்தைக் கரைத்து வைத்துவிட்டு, மேடைக்குப் பின்னால் ஜானகியம்மாள் தனியாக நின்று போன் பேசி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"அக்கா, ஒரு விசயம்."

"இன்னாம்மா, சந்தனம் பத்தலையா?"

"அது இல்லக்கா. அவரு… பூவராகவன். அவரு மேல புகார் சொன்னாங்களே பொண்ணுங்க."

"அதுக்கு இன்னா இப்ப?"

"நானும் அதுல ஒருத்திக்கா. கல்யாணத்துக்கு முன்னாடி அவரு கோஷ்டில பாடினேன்."

சொல்லிவிட்டாள். தரை பிளக்கவில்லை. பக்கத்தில் மைக்செட்காரர் செக் செக் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜானகியம்மாள் அவளையே பார்த்தார். அவர் கண் கலங்கியது, அது நடிப்பில்லை. கங்கம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அட பாவி மவளே" என்றார். கங்கம்மாவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. அப்படியே அவர் தோளில் சாய்ந்துவிடலாம் போலிருந்தது.

"வேற யாருக்குனா தெரியுமா?" என்று கேட்டார் ஜானகியம்மாள்.

"இல்லக்கா. உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்."

"ஊட்டுக்காரருக்கு?"

"தெரியாதுக்கா."

ஜானகியம்மாள் மூச்சை விட்டார். தடுப்புக் கட்டைக்கு அந்தப் பக்கம் கோஷம் போட்டுக்கொண்டிருந்தவர்களை ஒரு தடவை பார்த்தார். கங்கம்மாவின் தலைப்பைச் சரிசெய்து, கன்னத்தைத் தட்டினார். குரலில் அத்தனை பரிவு.

"நல்ல வேள எங்கிட்ட சொன்ன. நீ அந்த ஆளு மூஞ்சியிலயே முழிக்க வாணாம், இன்னா? சந்தனத்த நஜ்மாகிட்ட குடுத்துட்டு நீ சாப்பாட்டுப் பக்கம் போயிடு. இனிமே எந்த விழாவா இருந்தாலும் நீ சாப்பாட்டுப் பக்கமே இரு. நான் சொல்லிடறேன். யாரும் உன்ன முன்னாடி கூப்புடமாட்டாங்க."

"சரிக்கா" என்றாள் கங்கம்மா.

இத்தனை நாளாக எதைக் கண்டு பயந்தாளோ அது நடக்காது. கேட்டது கிடைத்துவிட்டது. அவள் கிண்ணத்தை நஜ்மாவிடம் கொடுத்துவிட்டு, பந்தலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். பிரிஞ்சி அண்டா திறந்திருந்தது. கரண்டியை எடுத்துக்கொண்டு நின்றாள். முன்பக்கம் வெடி வெடித்தது, கார்கள் வந்தன, மைக்கில் அவர் பாடினார், ஜனங்கள் கைதட்டினார்கள். கங்கம்மா நீட்டுகிற தட்டிலெல்லாம் பிரிஞ்சி வைத்தாள். கேட்டவர்களுக்கு இரண்டாவது கரண்டியும் வைத்தாள். உள்ளே எதுவுமில்லை. இளகினது பழையபடி இறுகிவிட்டது.

விழா முடியும் நேரத்தில் நஜ்மா தட்டோடு வந்து நின்றாள். போட்டோ கிடைத்த சந்தோஷம் ஒருபக்கம், கூட நிற்க வேண்டியவள் நிற்காத குழப்பம் ஒருபக்கம்.

"ஏண்டி, உன்ன வாசல்லருந்து தூக்கிட்டாங்களாமே? இனிமே வரவேற்புக்கு நானும் வேற ஒருத்தியுமாம். இன்னாடி தப்பு பண்ண நீ?"

"ஒண்ணும் பண்ணல. அக்காகிட்ட ஒரு விசயம் சொன்னேன்."

"இன்னா விசயம்?"

கங்கம்மா அவள் தட்டில் பிரிஞ்சி வைத்தாள். வெங்காயப் பச்சடி வைத்தாள்.

"சரி, சொல்லாட்டி போ. அக்கா அதுக்கு இன்னா சொன்னாங்க?"

"சாப்பாட்டுப் பக்கம் போவச் சொன்னாங்க" என்றாள் கங்கம்மா. நஜ்மாவுக்குப் பின்னால் நின்றவர் தட்டை நீட்டினார்.