இமெல்டா சொன்ன ‘இல்லை’

இமெல்டா மொன்றியலில் செயின்ட்-மிஷேல் பக்கம் ஒரு கார்தெரியின், குழந்தைகள் காப்பகத்தின், சமையலறையில் வேலை செய்கிறார். சின்னப் பிள்ளைகளுக்குச் சூப் வைப்பார், பழம் வெட்டிக் கொடுப்பார். பிரெஞ்சும் அங்கேதான் பழகியது. ‘கை கழுவு’, ‘ஓடாதே’ என்று தொடங்கி, இப்போது ஓரளவு சமாளிப்பார்.

மகள் துஷாந்தினி கனடாப் படையில் சேர்ந்த செய்தியை அவர் முதலில் ஆஸ்பத்திரி வேலை என்றே விளங்கிக்கொண்டார். மருத்துவப் பிரிவு என்று மகள் சொன்னதில் முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்திருந்தது. பிறகு பச்சைச் சீருடை வீட்டுக்கு வந்து, குளியலறைக் கம்பியில் காய்ந்தது. ஊரில், திருகோணமலையில், அந்த நிறத்தைத் தூரத்தில் கண்டாலே இமெல்டா தெருவின் மறுபக்கம் போய்விடுவார். அவருடைய தம்பியை விசாரணைக்கென்று இலங்கை ஆமி ஏற்றிக்கொண்டு போனது. தம்பி திரும்பி வரவில்லை.

போன மாரிக் குளிரில் துஷாந்தினியை லாத்வியாவில் உள்ள கனடாப் படைமுகாமுக்கு அனுப்பினார்கள். வழியனுப்ப இமெல்டாவும் டோர்வல் விமான நிலையத்துக்குப் போனார்.

“அம்மா, நீங்க போய் அந்த அறையில இருங்கோ. ஆமி ஆக்களின்ர குடும்பத்துக்கெண்டே வச்சிருக்கினம். நான் பெட்டியைக் குடுத்திட்டு வாறன்.”

“எனக்கென்னத்துக்கு மகள்? நான் இதில நிக்கிறன்.”

“கால் நோகும். போங்கோ.”

வாசலில் வெள்ளை முடிக்காரி ஒருத்தி சிரித்துக்கொண்டு நின்றாள். சம்பளமில்லாமல் உதவிக்கு வருகிறவள். சட்டையில் கிளோடெத் என்று பெயர் குத்தியிருந்தது. “போன்ஜூர் மதாம். உங்கள் வீட்டில் யாராவது படையில் இருக்கிறார்களா?” என்று பிரெஞ்சில் கேட்டாள்.

“இல்லை” என்றார் இமெல்டா.

யோசித்துச் சொன்னதல்ல. ஊரில் சென்றியில், ஆமிக் காவலரணில், மறித்து வீட்டாரைப் பற்றி எது கேட்டாலும் இல்லை என்று சொல்லித்தான் அவர் பழகியிருந்தார். கிளோடெத் மன்னிப்புக் கேட்கும் குரலில், இது குடும்பங்களுக்கு மட்டும் என்று சொல்லி, வெளியே இருந்த கதிரைகளைக் காட்டினாள். இமெல்டா ‘மெர்சி’ சொல்லிவிட்டு வந்து ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகுதான் தான் சொன்னது விளங்கியது. இல்லை என்று சொன்ன வாயால் எப்படிப் போய் ஓம் என்று சொல்வது? பொய்க்காரி என்று நினைப்பார்களோ? மகளின் வேலைக்கு ஏதும் வந்துவிடுமோ? எழும்பினார், இருந்தார், திரும்பவும் எழும்பினார்.

துஷாந்தினி அறைக்குள் தேடி, கிளோடெத்திடம் விசாரித்துவிட்டு, கூடமெல்லாம் சுற்றி ஒருவாறு அவரைக் கண்டுபிடித்தாள். “ஏனம்மா ஒருத்தரும் இல்லையெண்டு சொன்னனீங்கள்?”

“தெரியேல்ல மகள். வாயில வந்திட்டுது.”

மகளுக்குக் கோபம் வந்தது போலிருந்தது. ஆனால் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். கிளோடெத் எதுவும் கேட்கவில்லை. சூப்பும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தாள். மூலையில் விளையாட்டுச் சாமான்கள் கிடந்தன. எதிர் சோபாவில் ஒரு பெரிய ஆமிக்காரப் பெடியன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வாய் திறந்தபடி தூங்கினான். காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. ஆமிக்காரன் தூங்குவதை இமெல்டா அதுவரை கண்டதில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பினால் எப்படி இருப்பான் என்று நினைத்தார். அவனுக்குக் குளிரும், ஏதாவது போர்த்திவிடலாம் என்றும் நினைத்தார்.

“பயமா இருக்கோ அம்மா?”

“ஆரைப் பாத்துப் பயப்பிடுறதெண்டு தெரியேல்ல மகள்.”

துஷாந்தினி சிரித்தாள். இமெல்டா அதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

மகள் சோதனை வாசலுக்குள் போய் மறைந்த பிறகு இமெல்டா தானாகவே அந்த அறைக்குத் திரும்பி வந்து, விமானம் கிளம்பும் வரை இருந்தார். எதற்கு வந்தார் என்று கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது.

அடுத்த ஞாயிறு திருகோணமலையிலிருந்து அக்கா யோகராணி போன் எடுத்தார். இமெல்டா அன்றைக்குத்தான் முழுவதையும் சொன்னார். அக்கா ஒன்றை மட்டும் திரும்பக் கேட்டார்.

“ஆமிக்காரற்ற இடத்தில இருந்தனியோ?”

“ஓம் அக்கா.”

“தேத்தண்ணி தந்தவையோ?”

“தந்தவை.”

“குடிச்சனியோ?”

“குடிச்சன்.”

யோகராணி பேச்சை மாற்றினார். பிள்ளை லாத்வியாவில் சோறு சாப்பிடுகிறாளோ என்று கேட்டார். இமெல்டாவுக்கு அதுவும் தெரியவில்லை.